வருத்தத்தின் பெயரும் வேலையின் பெயரும்



சென்ற இதழில் சங்கக் கடன் புத்தகத்தை எப்படி வாசிப்பது என்பது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை எங்கள் வீடுகளில் உள்ள இன்னொரு கொப்பியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அது கிளினிக் கொப்பி.

கடதாசியின் பெறுமதி எங்கள் பெண்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2009இல் உடுத்த துணியோடு வந்தவர்கள்கூட அடையாள அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பைல் இருக்கும். கணவருடைய மரணச் சான்றிதழ், காணாமற்போன மகனுக்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், வீட்டுத்திட்டக் கடிதம், காணிக் கச்சேரிக்குப் போன துண்டு எல்லாம் திகதி வாரியாக இருக்கும். அந்தப் பெண்ணின் சொந்த வருத்தத்தைப் பற்றிய கடதாசி மட்டும் அதற்குள் இராது. வைத்தியசாலையில் கொடுத்த காட்டை எங்கே என்று கேட்டால், "மருந்து முடிஞ்சுது, பிறகென்னத்துக்கு அது" என்பார்கள்.

ஏன் அது வேண்டும் என்பதை ஒரு அக்காவின் கதையோடு சொன்னால் விளங்கும். அவருடைய பெயரும் ஊரும் வேண்டாம். எழுதுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். வயது 46. கணவர் 2009இல் இல்லாமற் போனார். இரண்டு பெண்பிள்ளைகள். வாழ்வாதார உதவியில் ஒரு பகுதியும் சங்கக் கடனில் ஒரு பகுதியுமாகக் காளான் கொட்டில் ஒன்று போட்டார். மரத்தூள் நிரப்பி அவித்தெடுத்த பைகளை அடுக்கி, சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு, சிப்பிக் காளான் வளர்க்கிற கொட்டில். ஈரம் போகக்கூடாது என்பதால் காற்று அதிகம் வராதபடி கிடுகால் நன்றாக அடைத்திருந்தார். விடியப்புறம் உள்ளே போய்ப் பிடுங்கிப் பொதி செய்து, ஏழு மணி பஸ்ஸுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

முதல் வருடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வருடத்தில் காய்ச்சல் வரத் தொடங்கியது. காலையில் வேலை முடித்தால் மத்தியானத்துக்குப் பிறகு குளிரும் நடுக்கமும், உடம்பு உளைவும், வறண்ட இருமலும், மூச்சு எடுக்க முடியாத களைப்பும். ஒன்றிரண்டு நாளில் தானாகவே குறைந்துவிடும். பனடோல் போட்டுச் சமாளித்தார். தாங்க முடியாத நேரங்களில் வைத்தியசாலைக்குப் போனார். ஒரு வருடத்துக்குள் மூன்று முறை வாட்டில் மறித்தார்கள். மூன்று முறையும் இரண்டு மூன்று நாளில் சுகம் வந்து துண்டு வெட்டினார்கள். ஊசி மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். வாட்டில் கிடந்த நாட்களில் அவர் கொட்டிலுக்குள் போகவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க அவர்களுக்கு வழியும் இல்லை. ஏனென்றால் அவருக்கு ஒரு கொட்டில் இருக்கிறது என்பதே அந்த வைத்தியசாலையில் ஒருவருக்கும் தெரியாது.

மூன்று காட்டுகளையும் பிறகு தேடி எடுத்தோம். ஒன்று மா டின்னுக்குள் இருந்தது. முதலாவதில் நியூமோனியா. இரண்டாவதில் நெஞ்சுப்பகுதித் தொற்று. மூன்றாவதில் தொய்வு, அதனால் இழுக்கிற பம்பும் கொடுத்திருந்தார்கள். பம்பால் பெரிதாகச் சுகமில்லை. தொழில் என்ற இடத்தில் மூன்றிலும் ஒரே விடயம்: வீட்டுப் பணி.

இதற்கிடையில் ஊரில் கசம் என்று கதை வந்துவிட்டது. அவருடைய மூத்த மகளுக்கு வந்த சம்பந்தம் அதனால் தள்ளிப்போனது. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்த துண்டையும் அவர் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தால் கதை கட்டிய வாய்களுக்கு முன்னால் நீட்டியிருக்கலாம்.

மாற்றம் ஒரு கிளினிக் நாளில் வந்தது. புதிதாக வந்திருந்த பெண் வைத்தியர் ஒருவர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அம்மா வீட்டில என்ன வேலை செய்யிறீங்கள்?" என்று கேட்டார்.

"சும்மாதான் டொக்டர். வேலைக்கு ஒண்டும் போறேல்லை."

"ஆடு, மாடு, கோழி ஏதாவது?"

"ஒண்டுமில்லை. கொஞ்சக் காளான் போட்டிருக்கிறன். அது ஒரு வேலையே?"

வைத்தியர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். பிடுங்குகிற நாட்களிலா காய்ச்சல் வருகிறது என்று கேட்டார். அக்கா யோசித்து, ஓம் என்றார். பக்கத்தில் இருந்த எனக்கும் அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது. பிறகு ஊதுகிற பரிசோதனை, ஸ்கான் எல்லாம் பெரிய வைத்தியசாலையில் எடுத்தார்கள். கொப்பியில் ஒரு நீளமான பெயர் எழுதப்பட்டது: ஹைப்பர்சென்சிற்றிவிற்றி நியூமோனைற்றிஸ். தமிழில் நுரையீரலின் ஒவ்வாமை அழற்சி எனலாம்.

இது கிருமி நுரையீரலுக்குள் பெருகி வருகிற வருத்தம் அல்ல, ஆகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பூஞ்சண வித்துகள், வைக்கோல் பூஞ்சணத் தூசு, பறவை எச்சத்தின் தூசு போன்றவை மூச்சோடு திரும்பத் திரும்ப உள்ளே போகும்போது சிலருடைய உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் புண்படுவது நுரையீரல்தான். தூசு உள்ளே போய் சுமார் நாலு முதல் எட்டு மணித்தியாலத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும். விலகியிருந்தால் ஓரிரு நாளில் குறையும். அதனால்தான் நியூமோனியா போலத் தெரிகிறது. கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். பிறகு வேலையை விட்டாலும் பழைய மூச்சு முழுதாகத் திரும்பாது. ஒரே கொட்டிலில் வேலை செய்கிற இருவரில் ஒருவருக்கு வரும், மற்றவருக்கு வராது. எனவே இதை வாசித்துவிட்டு எல்லோரும் கொட்டிலைப் பிரிக்க வேண்டாம்.

சமூகவியல் படித்த பழக்கமோ என்னவோ, அந்தப் பெயர் எழுதப்பட்ட பிறகு அது எங்கே போகிறது என்று அறிய ஆசைப்பட்டேன். வைத்தியசாலைப் பதிவறையில் வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கேட்டேன். நோயாளர் எவருடைய விபரத்தையும் அவர் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்பதை விளங்கப்படுத்தினார்.

வாட்டில் ஒருவரை மறித்தால் அவருக்கு ஒரு ரிக்கற் போடுகிறார்கள் அல்லவா? துண்டு வெட்டும்போது வைத்தியர் அதில் கடைசியாக ஒரு நோயின் பெயரை எழுதுகிறார். ரிக்கற் பதிவறைக்குப் போகிறது. அங்கே அந்தப் பெயருக்கு ஓர் இலக்கம் போடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்படுத்தல் புத்தகத்தில் உள்ள இலக்கம் அது. 1893இல் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜாக் பெர்ட்டியோன் என்ற புள்ளிவிபர அறிஞர் மரண காரணங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். அது பல முறை திருத்தப்பட்டு, 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தபோது நோய்களையும் சேர்த்துக்கொண்டது. பத்தாவது திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. தம்பி காட்டியது அந்தப் பத்தாவது புத்தகம். 2020இல் கொவிட் வந்தபோது அதற்கும் அவசரமாக இலக்கம் கொடுத்தார்கள். அந்த இலக்கங்கள் சேர்ந்து கொழும்பில் சுகாதார அமைச்சின் மருத்துவப் புள்ளிவிபரப் பிரிவுக்குப் போகின்றன. எந்த மாவட்டத்தில் எந்த நோய் எவ்வளவு என்ற கணக்கு அப்படித்தான் வருகிறது. அதுவும் வாட்டில் மறித்தவர்களின் கணக்குத்தான். கிளினிக்கில் காட்டிவிட்டு வருகிறவர்கள் அதில் இல்லை.

அக்காவின் மூன்று காட்டுகளுக்கும் என்ன இலக்கம் போடுவார்கள் என்று பொதுவாகக் கேட்டேன். நியூமோனியா என்று மட்டும் எழுதியிருந்தால் ஜே 18.9. நெஞ்சுப்பகுதித் தொற்று என்றால் ஜே 22. தொய்வு என்றால் ஜே 45.9. இருமல் என்று மட்டும் எழுதினால் ஆர் 05. ".9 எண்டால் விபரம் காணாது எண்டு அர்த்தம் அக்கா" என்றார் தம்பி. எழுதாததை ஊகித்து இலக்கம் போட அவருக்கு அனுமதி இல்லை. இன்னொன்றும் சொன்னார். வைத்தியர் ஒரு கேள்விக்குறி போட்டுச் சந்தேகமாக எழுதியிருந்து, வேறு தகவலும் இல்லாவிட்டால், அந்த நோய் உண்டு என்றே இலக்கம் போட வேண்டும் என்பது விதி. இலக்கத்தில் கேள்விக்குறி இராது.

பிறகு ஜே 67 என்ற பக்கத்தைத் திறந்தார். கரிமத் தூசினால் வருகிற ஒவ்வாமை அழற்சி என்ற தலைப்பு. அதன் கீழே வரிசையாகப் பெயர்கள். ஜே 67.0 விவசாயி நுரையீரல், பூஞ்சணம் பிடித்த வைக்கோலால் வருவது. ஜே 67.2 பறவை வளர்ப்போர் நுரையீரல். ஜே 67.5 காளான் தொழிலாளர் நுரையீரல். ஜே 67.8இல் மீன்மாத் தொழிலாளரும் இருக்கிறார்.

சகோதரிகளே, அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. மாடு, கோழி, காளான். பெண் தலைமைக் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் என்று எங்கள் மாவட்டங்களில் எழுதப்படும் திட்டங்களின் பட்டியலும் இந்த நோய்ப் பட்டியலும் பாதிக்குப் பாதி ஒன்றாக இருக்கின்றன. உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் இருந்து புத்தகம் எழுதியவர்களுக்குக் காளான் கொட்டில் தெரிந்திருக்கிறது. கொட்டில் போடப் பயிற்சி கொடுத்தவர்கள் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வசனமும் சொல்லவில்லை. பயிற்சிக் கையேட்டைத் தேடி வாசித்தேன். காளானுக்கு வருகிற நோய்களைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது.

இது புதிய அறிவும் அல்ல. இத்தாலியில் ரமத்சினி என்ற மருத்துவர் 1700ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் வழமையாகக் கேட்கிற கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறாய்" என்பதையும் வைத்தியர் கேட்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். 1932இல் இங்கிலாந்தில் கம்பெல் என்ற வைத்தியர், பழுதான வைக்கோலில் வேலை செய்த விவசாயிகளுக்கு வந்த மூச்சு வருத்தத்தை விபரித்து எழுதினார். விவசாயி நுரையீரல் என்ற பெயருக்கு வழி வந்தது அப்படித்தான். கேட்டால் தெரியவரும் என்பது 300 வருடத்துக்கு மேலாக எழுதப்பட்டிருக்கிறது.

வைத்தியர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. காலையில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? சில வைத்தியர்களுக்குத் தமிழ் தெரியாது, தாதிதான் மொழிபெயர்க்க வேண்டும். ஆனால் கேட்கிற இடத்திலும் நாங்கள் "சும்மா இருக்கிறேன்" என்கிறோம். இதைப் பல்கலைக்கழகத்தில் ஊதியமற்ற உழைப்பு, கணக்கில் வராத உழைப்பு என்றெல்லாம் படித்தோம். டேர்கைம் என்ற சமூகவியலாளர் தற்கொலை பற்றி 1897இல் எழுதிய புகழ்பெற்ற நூலுக்கு அரச புள்ளிவிபரங்களையே ஆதாரமாக எடுத்தார். அந்தப் புள்ளிவிபரங்களே யாரோ ஒரு அலுவலர் எதை எப்படி எழுதினார் என்பதைப் பொறுத்தவை அல்லவா என்று பின்வந்தவர்கள் கேட்டார்கள். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கி எழுதினேன். அந்த விவாதத்தை மூன்று காட்டுகளில் கண்ணால் பார்ப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை. நெல் அவித்து, கோழி வளர்த்து, காளான் விற்று, இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிற பெண் "வீட்டுப் பணி" என்று பதியப்படும்போது அவளுடைய வருத்தமும் .9 ஆகிவிடுகிறது.

இனி அக்காவின் கதையின் கஷ்டமான பகுதி. வைத்தியத்தில் முதலாவது விடயம், அந்தத் தூசை விட்டு விலகுவது. மாத்திரையும் கொடுத்தார்கள், ஆனால் கொட்டிலுக்குள் போய்க்கொண்டு மாத்திரை போடுவதில் பயனில்லை என்று வைத்தியர் தெளிவாகச் சொன்னார். சொல்வது லேசு. கடனில் பதினொரு தவணை பாக்கி. இளைய மகள் உயர்தரம். "தங்கச்சி, காளானை விட்டால் நான் என்னத்தைத் தின்னுறது?" என்று கிளினிக் வாசலிலேயே கேட்டார். வேலைத்தலத்தில் வந்த நோய்க்கு நட்டஈடு கேட்கிற சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அது முதலாளியிடம் வேலை செய்கிறவர்களுக்குத்தான். தானே முதலாளியும் தானே தொழிலாளியுமான பெண்ணுக்கு அதில் இடமில்லை.

எங்களிடம் இருந்தது அந்தக் கடதாசி ஒன்றுதான். வைத்தியரிடம் ஒரு கடிதம் கேட்டோம். நோயின் பெயர், அது காளான் வளர்ப்புத் தொழிலோடு தொடர்புடையது என்ற வசனம், அந்தத் தொழிலைத் தொடரக்கூடாது என்ற வசனம், திகதி, ஒப்பம், இறப்பர் முத்திரை. அந்த நடுவசனம் இல்லாவிட்டால் கடிதத்தில் பயனில்லை. முன்பு இதே அக்கா "சுகமில்லை" என்று தவணை கேட்டபோது, எல்லோருக்கும்தான் சுகமில்லை என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். இந்தக் கடிதத்தை வாசித்தபோது கூட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆறு மாதத் தவணை கிடைத்தது. கொட்டிலையும் பைகளையும் இன்னொரு உறுப்பினர் பெறுப்பெடுத்து, மீதிக் கடனில் ஒரு பகுதியையும் ஏற்றுக்கொண்டார். அக்காவிடம் பழைய தையல் மெஷின் ஒன்று இருந்தது. இப்போது பாடசாலைச் சீருடை தைக்கிறார். வருமானம் முன்னையதிலும் குறைவு. காய்ச்சல் பிறகு வரவில்லை. ஆனால் கிணற்றில் நாலு வாளி அள்ளினால் நின்று மூச்சு எடுத்துத்தான் ஐந்தாவதை அள்ளுகிறார். ஒரு வருடம் முந்திக் கண்டுபிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவர் கேட்கவில்லை. நான் நினைப்பதுண்டு.

கொட்டிலை எடுத்த பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறோம். காளானின் விளிம்பு முழுதாக விரிந்து வித்து உதிர முன்னர் பிடுங்குகிறார். உள்ளே போக முன்னர் கதவைத் திறந்து காற்றோட விடுகிறார். கொவிட் காலத்தில் பழகிய இறுக்கமான முகக்கவசம், அந்த என் 95 என்பது, அதைப் போடுகிறார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவது இந்த வித்துகளைத் தடுக்கப் போதாது. பழைய பைகளைக் கொட்டிலுக்குள் உதறுவதில்லை. வைக்கோல் வைத்திருப்பவர்களும் நன்றாகக் காய்ந்த பிறகே போராக்குங்கள். ஈரத்தோடு அடுக்கினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். கோழிக்கூட்டைக் கூட்டும்போது தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டினால் தூசு எழும்பாது.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது ஒரு துண்டுக் கடதாசியில் இவ்வளவையும் எழுதிக்கொண்டு போங்கள்: நான் செய்கிற வேலைகள் எல்லாம், எத்தனை வருடமாக, எந்த வேலைக்குப் பிறகு வருத்தம் கூடுகிறது, வேறு இடத்தில் போய் நின்றால் குறைகிறதா, வீட்டில் விறகடுப்பா, முன்னர் என்னென்ன காட்டு. ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். அதை வைத்தியரிடம் கொடுங்கள். தொழில் என்ன என்று கேட்டால் தொழிலைச் சொல்லுங்கள். எழுந்து வர முன்னர், "என்ன வருத்தம் எண்டு எழுதியிருக்கிறீங்கள் டொக்டர்?" என்று ஒரு முறை கேளுங்கள். பெரும்பாலானோர் சொல்வார்கள். துண்டு வெட்டும்போது ரிக்கற் வைத்தியசாலையிலேயே நின்றுவிடும். கையில் தரும் காட்டுத்தான் உங்களுடையது. அது அந்த அலுமாரிப் பைலுக்குள் போகட்டும்.

இந்த அக்காவின் வருத்தம்தான் உங்களுக்கும் என்று நீங்களே முடிவெடுத்து, தொய்வுக்குத் தந்த பம்பை நிறுத்திவிட வேண்டாம். தொய்வுக்காரருக்கு அது உயிர்காக்கிற மருந்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை. மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் அதற்குப் பணம் இல்லை, முடிவுத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கோழி, வைக்கோல், காளான் வேலை செய்து இப்படி மாறி மாறிக் காய்ச்சலும் மூச்சுமுட்டும் கண்டவர்கள் இருந்தால் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். பெயர் போட மாட்டேன். கடிதங்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிற அலுவலர்களிடம் கொண்டுபோக எண்ணியிருக்கிறேன்.